ஊசிக்காய்ச் செடியின் ஊர்

பூம்பாறை
4-1-1959

அன்புள்ள மாமாவுக்கு,

மங்களம் எழுதுகிறேன். இங்கே அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். நான் சௌக்கியமா இல்லையா என்பதை நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

இந்த வருஷம் பனி பொல்லாத பனி. உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போச்சு. பரமசிவம் அண்ணன் காலையில் எழுந்ததும் வயலைத் திட்டுகிறார், அது முடிந்ததும் உங்களைத் திட்டுகிறார். "பொண்டாட்டியைக் கூப்பிட நாலு வருஷமா வீடு பாக்குறானாம் வீடு, அரண்மனை கட்டுறானா?" என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

வழக்கம்போல இதோடு ஊசிக்காய்ச் செடி வைத்திருக்கிறேன். ஓடைக்கு மேலே, நீங்கள் வெள்ளைக்காரச் சாமியாருக்குச் செடி பறித்துக் கொடுத்த சரிவில்தான் பறித்தேன். விரித்த கைபோல இலை, ரோஸ் நிறத்தில் இரண்டு பூ, ஊசிமாதிரி நீண்ட காய் மூன்று. அந்தக் காய் காய்ந்தால் படாரென்று சுருண்டு விதையைத் தூக்கி எறிந்துவிடுகிறதே, அது வெடிக்காமல் காயவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி செய்தித்தாள் நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, தினமும் தாள் மாற்றினேன். அம்மி இல்லாமல் அண்ணி ஒரு வாரம் முணுமுணுத்தாள். நீங்கள் போனபிறகு நான் அனுப்பும் நாலாவது செடி இது. ஐந்தாவதை நேரில் கொண்டுவந்து தருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மங்களம்

---

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
1-3-1959

அன்பு மங்களத்துக்கு,

உன் கடிதமும் செடியும் வந்தன. பதில் எழுத நாளானதற்குக் காரணம் இருக்கிறது. படித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அண்ணனிடம் சொல்லாதே.

என் வேலை உனக்குத் தெரியும். சர்க்கார் தாவரத் தோட்டத்தில் காய்ந்த செடி ஆபீஸில், காட்டிலிருந்து வருகிற செடிகளைக் கெட்டித் தாளில் ஒட்டுவது. ஒட்டின தாளில் எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது என்று, எழுத்து வேலை பார்க்கிற கிராணி ரவூப் லேபிள் அடித்து ஒட்டுவார். அந்த லேபிள் இல்லாவிட்டால் செடி வெறும் சருகு என்று துரை சொல்வார். ஜனவரியில் கேமரன் மலைக்குச் செடி பறிக்கப் போன கூட்டத்தோடு முதல்முறையாக என்னையும் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து அந்த மூட்டையை ஒட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

நீ அனுப்பின செடி அவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தது. டிரங்குப் பெட்டியில் போட்டு நொறுக்க மனம் வரவில்லை. ஆபீஸ் தாள் ஒன்றை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒட்டினேன். பசை காயட்டும் என்று மற்றத் தாள்களோடு சேர்த்துப் பலகைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. என் மேஜையில் இருந்த தாள்கட்டை அப்படியே எடுத்துப்போய், ரவூப் வரிசையாக லேபிள் அடித்துவிட்டார். உன் செடிமேல் இப்போது இருப்பது இதுதான்: கேமரன் மலை, 17-1-1959, பறித்தவர் செல்லக்கண்ணு.

வேலைக்குத் திரும்பின அன்று துரை கூப்பிட்டார். கையில் அந்தத் தாள். மலாயாவில் இந்தச் சாதிச் செடி காட்டில் முளைத்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லையாம். "எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். ஆபீஸ் தாளைச் சொந்த வேலைக்கு எடுத்ததற்குத்தான் கேட்கிறார் என்று பயந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். ஓடைக்கரையில் என்றேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், மங்களம். இத்தனை வருஷத்தில் என் பெயரை முழுசாக அன்றுதான் சொன்னார். அதற்குமேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

செடி பறிப்பவர் வேலை ஒன்று காலியாகப் போகிறது. அதை எனக்குத் தருவதாகப் பேச்சு. அந்த வேலைக்குத் தோட்டத்துக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் உண்டு. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு. நமக்கு வீடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள். இனி கடிதத்தில் அந்தச் செடியை மட்டும் வைக்காதே.

அன்புடன்,
செல்லக்கண்ணு

---

பூம்பாறை
20-3-1959

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். படித்ததை எதில் போடுவது?

முதலில் சிரித்தேன். நம் ஓடைக்கரை கப்பலேறிக் கேமரன் மலைக்குப் போய்விட்டதே என்று சிரித்தேன். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இந்த வேரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறோம். மாடு மிதிக்கிற செடி. அதற்குப் போய் ஒரு துரை கைகுலுக்குகிறாராம்.

ராத்திரி படுத்தபிறகு சிரிப்பு நின்றுபோச்சு. மாமா, அன்றைக்கு வாய் வரவில்லை, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாமே. இப்போதும் ஒன்றும் குடிமுழுகவில்லை. தாள் மாறிவிட்டது என்று சொன்னால் திட்டுவார், அவ்வளவுதானே. எனக்கு இரண்டு அறை வேண்டாம். பாஸ்போர்ட் எடுத்து ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு மூலை காட்டினால் போதும், பாயை விரித்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைப் பறித்தது நான். அம்மிக்கல்லைத் தூக்கியதும் நான்தான்.

உங்கள் மங்களம்

---

சிங்கப்பூர்
9-8-1959

அன்பு மங்களத்துக்கு,

உன் கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை மாசம் பதில் எழுதவில்லை. பறித்தது நீதான், யார் இல்லை என்றது? உன் பெயரை லேபிளில் அடித்தால் குவார்ட்டர்ஸ் உனக்கு வருமா? சும்மா மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு எழுதாதே.

மூலை காட்டச் சொல்கிறாய். நான் இருக்கிற மூலையைக் கேள். கடைக்கு மேல்மாடி. பன்னிரண்டு ஆண்கள். வேலைக்குப் போய்வருகிற முறைப்படி ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கிறார். கீழே மாட்டுக்கொட்டகை நாற்றம், மேலே பீடி நாற்றம். இங்கே உன்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஊரில் தலைநிமிர்ந்து நடக்கச் சொல்கிறாயா? பரமசிவம் மச்சான் ஒருமுறை வந்து பார்த்தால் என்னை என்னவென்று நினைப்பார்?

துரை லண்டனுக்கு எழுதிவிட்டார். லீவில் போயிருக்கிறார், டிசம்பரில்தான் திரும்புவார். போவதற்குமுன் எல்லார் முன்னாலும் "செல்லக்கண்ணுவுக்குத்தான் அந்த வேலை" என்று சொன்னார். குவார்ட்டர்ஸை வெளியிலிருந்து போய்ப் பார்த்தேன். மொத்தம் ஐந்து ஜன்னல். முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். காய்க்கும்போது நீ இங்கே இருப்பாய்.

ரவூப் மட்டும் என்னை ஒருமாதிரி பார்க்கிறார். அவர் நாகூர்க்காரர், கெட்டிக்காரர். எண்ணி அடித்த லேபிளில் ஒன்று உன் செடிக்குப் போனதால், அன்றைய தாள்கட்டில் ஒரு செடி லேபிள் இல்லாமல் மிச்சமானது அவருக்குத் தெரியும். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
செல்லக்கண்ணு

---

பூம்பாறை
2-9-1959

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து ஜன்னலில் ஒன்றையாவது திறந்து வையுங்கள், இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது.

மன்னவனூரிலிருந்து ஒருத்தர் சிங்கப்பூர் போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே இருக்கிறவர்கள் பாதிப்பேர் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "தை பிறக்கட்டும். அதுக்குள்ள அவன் கூப்பிடலேன்னா பெரியவங்களை வச்சு ஒறவைத் தீத்துவிட்டுருவோம். ஒனக்கும் வயசு இருபத்தெட்டு ஆச்சு, இன்னும் ஒரு பிள்ளை இல்லை" என்றார். அண்ணியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவள் தம்பிக்குப் பெண்டாட்டி செத்து ஆறு மாசம் ஆகிறது. அது உங்களுக்கும் தெரியட்டும்.

நான் அப்படிப்பட்ட பேச்சை நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்க எனக்கு ஏதாவது கொடுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை, மாமா. பயமாக இருக்கிறது.

உங்கள் மங்களம்

---

சிங்கப்பூர்
6-12-1959

அன்பு மங்களத்துக்கு,

இன்னொரு குடும்பம் வைக்கிறவன் பன்னிரண்டு பேரோடு படுப்பானா? மச்சானிடம் அதைச் சொல்.

இப்போது எழுதப்போவதை நிதானமாகப் படி. இங்கே புதுச் சட்டம் வருகிறது. புருஷனைப் பிரிந்து ஐந்து வருஷத்துக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்ட மனைவியை இனி உள்ளே விடமாட்டார்களாம். தேக்கா மார்க்கெட்டில் எல்லார் வாயிலும் இதுதான் பேச்சு. நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறியது 1955-இல், சித்திரை பிறந்த மறுநாள். அப்படியென்றால் வருகிற ஏப்ரல் 15-க்குமுன் நீ சிங்கப்பூரில் கால் வைக்கவேண்டும். தவறினால் நீ அங்கே, நான் இங்கே, ஆயுசுக்கும்.

துரை திரும்பிவிட்டார், அதற்காகத்தான் பதில் எழுதாமல் காத்திருந்தேன். லண்டனிலிருந்து செடி ஆராய்கிற பெரியவர் ஒருவர் மார்ச் முதல் தேதி வருகிறார். இரண்டு பேரும் என்னோடு கேமரன் மலைக்கு வந்து, அந்த ஓடைக்கரையில் செடி நிற்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். பார்த்துவிட்டு வந்ததும் வேலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் கையெழுத்துப் போடுவார். மார்ச் பத்தாம் தேதிக்குள் சாவி கையில் இருக்கும். அதற்குப்பிறகும் கப்பலுக்கு நாள் இருக்கிறது.

ஆகவே, அந்த ஓடைக்கரையில் செடி நிற்கவேண்டும். முற்றின ஊசிக்காயாகப் பார்த்து, வெடிப்பதற்குமுன் பறித்து, விதையைக் கைக்குட்டை ஓரத்தில் வைத்துத் தைத்து அனுப்பு. சாகுல் ஹமீது என்று என் சிநேகிதர், கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வருகிற லாரி ஓட்டுகிறார். அவரோடு போய் நானே ஊன்றிவிட்டு வருவேன். பூக்கவேண்டாம், நாலு இலை விட்டால் போதும். குளிர் மலைதானே, முளைத்துவிடும்.

உடனே அனுப்பு.

செல்லக்கண்ணு

---

பூம்பாறை
18-12-1959

அன்புள்ள மாமாவுக்கு,

சட்டத்தைப் பற்றிப் படித்ததும் சுவரில் நாட்காட்டிக்குமுன் நின்று எண்ணிப்பார்த்தேன். நாலு மாசம்கூட இல்லை.

விதை அனுப்பமாட்டேன். கோபப்படாமல் கேளுங்கள். வாய் தவறிச் சொன்னது வேறு, மலையேறிப் போய் ஊன்றிவிட்டு வருவது வேறு. நாளைக்கு ரவூப் வாயைத் திறந்தால்? அந்தப் பெரியவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டால்? புதுசாக முளைத்ததற்கும் காலம் காலமாக நிற்பதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியும். அவருக்குத் தெரியாதா? உங்களுக்கு வேலை போய், வீடும் போய், ஏப்ரலும் போய்விட்டால் நான் யார் வாசலில் நிற்பது?

நாளைக்கே குடிநுழைவு ஆபீஸுக்குப் போய் எனக்கு மனுப் போடுங்கள். எங்கேயாவது ஒரு அறை பாருங்கள். ஊர் சிரிக்கும் என்கிறீர்கள். ஊர் இப்போதே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. காதில் விழுவது எனக்கு, உங்களுக்கு இல்லை.

உங்கள் மங்களம்

---

சிங்கப்பூர்
27-12-1959

மங்களத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. உனக்கு வர விருப்பமில்லை. அண்ணியின் தம்பி கதை எழுதியிருந்தாயே, அதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்கவேண்டும். கையளவு விதை பறித்து அனுப்ப மனமில்லாதவள் கடல் தாண்டி வந்து என்ன குடும்பம் நடத்தப்போகிறாய்?

ஐந்து வருஷம் நாய்ப்பாடு பட்டு ஒரு நல்ல வீட்டுக்கு வழி செய்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதிவிடு. சுற்றி வளைக்காதே.

செல்லக்கண்ணு

---

பூம்பாறை
8-1-1960

மாமாவுக்கு,

விதை அனுப்பியிருக்கிறேன். கைக்குட்டையின் நாலு ஓரத்திலும் இருக்கிறது. தையலைப் பார்த்துப் பிரியுங்கள்.

மங்களம்

---

சிங்கப்பூர்
4-2-1960

அன்பு மங்களத்துக்கு,

கைக்குட்டை வந்தது. நான் கோபத்தில் எழுதினதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 20 சாகுல் ஹமீதின் லாரியில் போய் ஊன்றிவிட்டு வந்தேன். ஓடையிலிருந்து பத்தடி மேலே, தேயிலைத் தோட்டத்து வேலி ஓரம், கொஞ்சம் நிழல். நம் சரிவு மாதிரியே இருக்கும். மண்ணைக் கிளறின தடம் தெரியாமல் சருகு போட்டு மூடினேன். சாகுல் ஹமீது வாரம் இரண்டு நடை போகிறார், ஒவ்வொரு நடையிலும் இறங்கிப் பார்க்கிறார். நேற்றும் பார்த்தாராம். "ஒண்ணுமே வரலயே லா, வெறும் மண்ணுதான் கெடக்கு" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொல்கிறார்.

விதை முற்றினதுதானா? காய்ந்தபிறகு எத்தனை நாளில் முளைக்கும்? நம் ஊரில் யாரும் விதைத்ததில்லை, அதுவாக வெடித்து அதுவாக முளைக்கிறது. நீ தினமும் பார்க்கிறவள், உடனே எழுது. துரை இன்றைக்குக்கூட, "உன் செடி சுகமா?" என்று கேட்டுத் தோளில் தட்டினார். மார்ச் ஒன்றுக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான்.

செல்லக்கண்ணு

---

பூம்பாறை
12-2-1960

அன்புள்ள மாமாவுக்கு,

முளைக்காது. சாகுல் ஹமீது அண்ணனை இனி இறங்கிப் பார்க்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

தைப்பதற்குமுன் அந்த விதைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் உலர்த்தி அனுப்பினேன். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

ரொம்ப யோசித்து, நியாயம் அநியாயம் பார்த்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தில்தான் செய்தேன். அண்ணியின் தம்பியை எடுத்து என் முகத்தில் வீசினீர்களே, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு விதை பறிக்கவே போனேன். மனதார அனுப்பத்தான் போனேன். பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டேன். அனுப்பினபிறகுதான் பயம் வந்தது. எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன், எழுதாமல் எழுந்தேன். நீங்கள் மண்ணைக் கிளறிச் சருகு போட்டு மூடியதைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன். அது முளைத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? இந்தச் செடி ஒரு இடத்தில் நிற்காது. காய் வெடித்து வெடித்து வருஷா வருஷம் சரிவு முழுக்கப் பரவும். யார் யாரோ வந்து பறித்து, தாளில் ஒட்டி, இது இந்த மலைச் செடி என்று எழுதுவார்கள். நீங்கள் நினைத்தாலும் பிடுங்க முடியாது. நாம் அந்த ஐந்து ஜன்னல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்போம். அப்படி உங்களைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் வீடு கேட்கவே இல்லை, மாமா. ஐந்து வருஷமாக வீடு கேட்டது நீங்கள்தான்.

தை பிறந்து ஒரு மாசம் ஆகிறது. அண்ணன் பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டார். பங்குனி முடியட்டும் என்று அவர் காலில் விழுந்து தவணை வாங்கியிருக்கிறேன். துரையிடம் சொல்லுங்கள். மனுப் போடுங்கள். நான் செய்ததற்கு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வர விருப்பமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மங்களம்

---

பூம்பாறை
4-3-1960

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்.

மார்ச் ஒன்றாம் தேதி என்ன நடந்தது என்று தெரியவில்லை. உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களா? போலீசா? இல்லை, இனி எனக்கு எழுதுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்களா? அதுதான் முடிவென்றால் அதையாவது எழுதுங்கள்.

மங்களம்

---

கம்போங் கபூர் ரோடு, சிங்கப்பூர்
11-3-1960

மங்களத்துக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துக்கொள்.

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கிழித்தேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன். ஒட்டுவதுதானே என் வேலை. உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மண்ணில் முட்டிபோட்டு, நகமெல்லாம் சேறாக, ஒவ்வொரு விதையாக எண்ணி ஊன்றினேன். வெந்த விதையை. நினைக்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது.

லண்டன் பெரியவர் வர இன்னும் நாலு நாள் இருக்கும்போது துரை என்னைக் கூப்பிட்டு, புது பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார். ஓடைக்கரையில் வழுக்குமாம். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ரவூப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் ஒரு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். மேல போயி நின்னு முழிக்கப் போறியா? உள்ள போ லா, சொல்லிட்டு வந்துரு. தாள்கட்டைப் பாக்காம லேபிள் அடிச்சது எந் தப்புன்னு நானும் சொல்றேன்" என்றார். இரண்டு பேருமாகத்தான் போனோம்.

சொன்னேன். செடி என் மனைவி அனுப்பியது, பூம்பாறையில் பறித்தது என்று சொன்னேன். விதை ஊன்றினதையும் சொன்னேன். துரை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்புப் பென்சிலை எடுத்து லேபிளில் குறுக்கே கோடு போட்டார். வரவேண்டாம் என்று லண்டன் பெரியவருக்குத் தந்தி எழுதினார். நான் நிற்பதையே மறந்துவிட்டவர்போலக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்ஸை அவர் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். இப்போது எனக்குக் காய்ந்த செடி ஆபீஸில் வேலை இல்லை. தோட்டத்தில் புல் வெட்டுகிறேன். வேலையை விட்டே அனுப்பாதது ரவூப் புண்ணியம். குவார்ட்டர்ஸ் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

மறுநாள் குடிநுழைவு ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்க் கிராணி, மனைவி வந்தால் எங்கே தங்குவார் என்று கேட்டார். திரும்பி வந்து அறை தேடித் தெருத்தெருவாக அலைந்தேன். கம்போங் கபூரில் ரபியா என்று ஒரு அம்மா, புருஷன் இல்லை, இடியாப்பம் அவித்து விற்கிறார். நான் தினமும் காலையில் அவர் வாசலில்தான் சாப்பிடுகிறேன். சும்மா கேட்டு வைப்போம் என்று அவரிடமும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பின்னால ஒரு ரூம் மூணு வருஷமா சும்மாத்தான் கெடக்கு, தம்பி. குடும்பமா வர்றவங்களுக்குத்தான் குடுப்பேன். நீங்க ஒருநாளும் கேக்கலையே."

மூன்று வருஷம், மங்களம். தினமும் அந்த அறைக்கு நாலு அடி தள்ளி நின்று இடியாப்பம் சாப்பிட்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸ், ஐந்து ஜன்னல், ரம்புத்தான் மரம் என்று உனக்கு எழுதிக்கொண்டே. அன்று சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவம், வாடகையை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அறையின் விலாசத்தைக் கொடுத்து வாங்கின அனுமதிச் சீட்டு இதோடு இருக்கிறது. பத்திரம். மார்ச் 29 நாகப்பட்டினத்திலிருந்து கப்பல். ஏப்ரல் ஆறோ ஏழோ இங்கே வரும். கப்பலின் மேல்தட்டு டெக்கில் வருகிறவர்களைக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இரண்டு மூன்று நாள் நிறுத்துவார்கள். அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன், பதினைந்துக்குள் கரைக்கு வந்துவிடுவாய். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் வேறு கப்பல் இல்லை.

அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சந்துப் பக்கம். பலகைத் தடுப்பு. குழாயடியில் ஐந்து குடும்பம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டதாக எழுதினால் நீயே நம்பமாட்டாய். துறைமுகத்தில் நிற்பேன். முகம் கொடுத்துப் பேசுவேனா என்று தெரியாது. ஆனால் நிற்பேன்.

செல்லக்கண்ணு

---

நாகப்பட்டினம்
28-3-1960

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். இருந்தாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

அண்ணன் இதுவரை கூடவே வந்து, இப்போதுதான் பஸ் ஏறினார். அனுமதிச் சீட்டைப் படித்ததிலிருந்து அவர் யாரையும் திட்டவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "அவன்கிட்ட ரொம்ப வாயாடாத" என்றார். சத்திரத்தில் நாகூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கியிருக்கிறேன். காலையில் கப்பல்.

கோபத்தோடு நிற்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நில்லுங்கள். எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். ஐந்து வருஷமாக நாம் சண்டை போட்டதுகூடத் தபாலில்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதற்குப் பதில் வரும்வரை இருபது நாளோ ஐந்து மாசமோ தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இனிமேல் திட்டினால் திட்டின வாய் மூடுவதற்குள் பதில் கிடைக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

ரபியா அம்மாவிடம், அந்த ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
மங்களம்